காலம் கடந்துவிடுமுன்...!

"நான் நிறத்தைப் பார்க்கவில்லை, ஆளின் யோக்கியதையைத்தான் பார்த்தேன்" என்று ஒரு மனிதன், யாரும் கேட்காதபோதே முன்வந்து சொல்லத் தொடங்கினால், அவன் நிறத்தைத்தான் பார்த்திருக்கிறான் என்று தாராளமாக நம்பலாம். வயிறு நிறைந்தவன் "எனக்குப் பசியில்லை, பசியில்லை" என்று வீதியில் கூவிக்கொண்டு போவதில்லை. 1983ம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியிலிருந்து ஏப்ரல் 12ந் தேதி வரையில் ஏழு வார காலம் அமெரிக்காவின் சிகாகோ நகரம் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் ஜபித்துக்கொண்டிருந்தது.

சிகாகோ என்றால் நம்மவர்களுக்கு 1893ல் விவேகானந்தர் நின்று பேசிய மேடைதான் நினைவுக்கு வரும். அந்த நகரத்துக்கு வேறொரு மேடையும் உண்டு. அது வோட்டுச் சாவடி. அங்கே நடந்த ஒரு மேயர் தேர்தலைப் பற்றி இன்றும் சில கனவான்கள் இரண்டு வாதங்களைச் சொல்லி வருகிறார்கள். ஒன்று, வெள்ளையர்கள் ஹரால்ட் வாஷிங்டன் என்ற கறுப்பரை எதிர்த்தது அவர் வருமான வரி விஷயத்தில் சிறை சென்றவர் என்பதற்காகவே என்பது. மற்றொன்று, வெள்ளையர் வெள்ளையருக்கும் கறுப்பர் கறுப்பருக்கும் போட்டார்கள், ஆகவே இரு தரப்பும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்பது. முதல் வாதம் பொய். இரண்டாவது வாதம் அதைவிட மோசமானது. ஏனென்றால் அது நடுநிலைமை என்ற சால்வையைப் போர்த்திக்கொண்டு வருகிறது.

முதலில் ஊரின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சிகாகோவில் 50 வார்டுகள். ஒவ்வொரு வார்டையும் சிறு சிறு வட்டங்களாகப் பிரித்து, வட்டத்துக்கு ஒரு தலைவனை ஜனநாயகக் கட்சி நியமித்திருந்தது. அவன் வேலை, தன் வட்டத்தில் உள்ள வீடுகளையெல்லாம் அறிந்து வைத்திருப்பது; குப்பைத் தொட்டி வேண்டுமென்றால் குப்பைத் தொட்டி, பையனுக்கு உத்தியோகம் வேண்டுமென்றால் உத்தியோகம், போலீஸ் தொல்லை என்றால் ஒரு சிபாரிசு. பதிலுக்குத் தேர்தலன்று வோட்டு. வோட்டுக் குறைந்தால் அவனுடைய நகரசபைச் சம்பளமும் குறையும், அல்லது அடியோடு போய்விடும். இந்த ஏற்பாட்டுக்கு அந்த ஊர்க்காரர்களே வைத்த பெயர் 'யந்திரம்' என்பது. பெயர் வெகு பொருத்தம். யந்திரத்துக்கு மனச்சாட்சி கிடையாது. எண்ணெய் மட்டும்தான் வேண்டும். 1955 முதல் 1976 டிசம்பரில் மாரடைப்பால் இறக்கும் வரை, 21 வருஷம் இந்த யந்திரத்தை ஓட்டியவர் மேயர் ரிச்சர்ட் டேலி. 1927க்குப் பிறகு குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர்கூட அந்த ஊரில் மேயர் தேர்தலில் ஜெயித்ததில்லை. ஜனநாயகக் கட்சி யாரைக் காட்டுகிறதோ அவரே மேயர். அபேட்சகர் பெயரைப் பார்க்காமல் கட்சிப் பெயரைப் பார்த்துக் குத்துவது அங்கே பரம்பரைக் குணம்.

இந்த யந்திரத்தில் கறுப்பர்களுக்கும் இடம் உண்டு. என்ன இடம்? எண்ணெய் ஊற்றும் இடம். 1963ல் டேலிக்கு ஒரு பெரிய ஆபத்து வந்தது. குடியரசுக் கட்சியின் சார்பில் அடமௌஸ்கி என்ற போலந்து வம்சத்துக்காரர் எதிர்த்து நின்றார். வெள்ளையர் வோட்டில் டேலிக்குப் பாதிகூடத் தேறவில்லை. அவரைக் கரையேற்றியவை நகரத்தின் தெற்கிலும் மேற்கிலும் இருந்த கறுப்பர் வார்டுகள். அதற்கு அவர்கள் பெற்ற பிரதிபலன்? 1966ம் வருஷம் மார்ட்டின் லூதர் கிங் அந்த நகரத்துக்கு வந்து, எந்தப் பேட்டையிலும் எந்த நிறத்தவரும் வீடு வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் உரிமை வேண்டும் என்று ஊர்வலம் போனார். மார்க்கெட் பார்க் என்ற வெள்ளையர் பேட்டையில் கல் வந்து அவர் தலையில் விழுந்தது. தென் மாகாணங்களில்கூட இவ்வளவு துவேஷம் நிறைந்த கும்பலைத் தாம் கண்டதில்லை என்று அவர் பிறகு சொன்னார்.

டேலிக்குப் பின் வந்த மேயர் பிலாண்டிக்கைக் கவிழ்த்தது மனிதர்கள் அல்ல, பனி. 1979 ஜனவரியில் பெய்த பெரும் பனியில் ஊரே புதைந்து போயிற்று. ரயில்களில் கூட்டம் தாங்கவில்லை. உடனே அதிகாரிகள் ஒரு யுக்தி செய்தார்கள். வெளிப்புறத்திலிருந்து வரும் ரயில்களைக் கறுப்பர் பேட்டைகளின் ஸ்டேஷன்களில் நிறுத்தாமல் ஓட்டினார்கள்! அந்த ஸ்டேஷன்களில் நின்றவர்கள் எதைப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எலும்பைக் குத்தும் குளிரில், விளக்கெரியும் பெட்டிகளுக்குள்ளே வெள்ளை முகங்கள் வரிசையாகக் கடந்து போகின்றன; ரயில் நிற்கவில்லை. எத்தனையோ வருஷமாக மேடைப் பேச்சுக்கள் சொல்லிக் கொடுக்காததை அந்த ஒரு காட்சி சொல்லிக் கொடுத்துவிட்டது. அடுத்த மாதம் கட்சிக்குள் நடந்த முதல் தேர்தலில் கறுப்பர் வார்டுகள் ஜேன் பர்ன் என்ற அம்மையாருக்கு வோட்டுப் போட்டன. பிலாண்டிக் போனார். கவனியுங்கள்: அந்த அம்மையாரும் வெள்ளைக்காரிதான்.

அம்மையார் நன்றி மறக்க வெகு காலம் ஆகவில்லை. நகரத்தின் பொதுக் குடியிருப்புக் கழகத்தில் குடியிருப்போரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர்கள். அதன் நிர்வாகக் குழுவில் இருந்த கறுப்பு அங்கத்தினர்களுக்குப் பதிலாக வெள்ளையர்களை நியமித்தார். அடுத்த தேர்தலில் வெள்ளையர் வோட்டு டேலியின் மகனுக்குப் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. கறுப்பர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள் என்ற அலட்சியம்.

1982ல்தான் அவர்கள் எங்கோ போனார்கள். வோட்டர் ஜாபிதாவில் பெயரைப் பதிவு செய்துகொள்ளப் போனார்கள். வாஷிங்டனை மேயருக்கு நிற்கச் சொல்லிக் கேட்டவர்களிடம் அவர், "ஐம்பதினாயிரம் புதுப் பெயர்களைப் பதிவு செய்து காட்டுங்கள், பிறகு பார்க்கலாம்" என்று நிபந்தனை போட்டார். தட்டிக் கழிப்பதற்காகவே சொல்லியிருக்கவும் கூடும். பார்லிமெண்டு வேலை அவருக்குப் பிடித்திருந்தது. மாதா கோவில்களிலும், நிவாரணப் பணம் வழங்கும் ஆபீஸ் வாசல்களிலும் மேஜை போட்டு உட்கார்ந்து, லட்சத்துக்கு மேல் பதிவு செய்துவிட்டார்கள்.

1983 பிப்ரவரி 22. கட்சிக்குள் மும்முனைப் போட்டி. வாஷிங்டனுக்கு 36 சதவீதம், பர்ன் அம்மையாருக்கு 33 சதவீதத்துக்குச் சற்று மேல், இளைய டேலிக்கு ஏறக்குறைய 30. வெள்ளையர் வோட்டு இரண்டாகப் பிளந்தது, வாஷிங்டன் ஜெயித்தார். இந்தப் பிளவைப் பற்றிய கவலை முன்பே எழுந்திருந்தது. தேர்தலுக்கு முந்திய சனி, ஞாயிறில் வட்டத் தலைவர்களின் கூட்டத்தில் ஜில்லாக் கட்சித் தலைவர் எட்வர்ட் வர்டோலியாக், இது நிறப் பிரச்னைதான், யாரும் தங்களை ஏமாற்றிக்கொள்ள வேண்டாம், டேலிக்குப் போடும் வோட்டு வாஷிங்டனுக்குப் போடும் வோட்டு என்று பேசினார். பத்திரிகைக்காரர் காதில் அது விழுந்துவிட்டது. வருமான வரியைப் பற்றிப் பிறகு பேசியவர்களையெல்லாம் விட வர்டோலியாக்கை நான் ஒரு படி உயர்வாகவே மதிக்கிறேன். மனத்தில் இருந்ததைச் சொன்னார்.

சம்பிரதாயப்படி பார்த்தால் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஜனநாயகக் கட்சி அபேட்சகர் முடிவாகிவிட்டார். ஏப்ரல் 12 வெறும் சடங்கு. நான்கு வருஷத்துக்கு முன்பு பர்ன் அம்மையாரை எதிர்த்த குடியரசுக் கட்சிக்காரருக்குக் கிடைத்தது 16 சதவீதம். 1983ல் அந்தக் கட்சியின் அபேட்சகரான பெர்னார்ட் எப்டனைப் பிப்ரவரி 22ந் தேதி வரை ஊரில் யாரும் சட்டை செய்யவில்லை. 23ந் தேதி காலையில் அவர் திடீரென்று பெரிய மனிதராகிவிட்டார்.

ஜனநாயகக் கட்சியின் வார்டுத் தலைவர்களில் சிலர் பகிரங்கமாகவே எப்டன் பக்கம் தாண்டினார்கள். வேறு பலர் இருட்டில் தாண்டினார்கள். தோற்றுப்போன பர்ன் அம்மையார், ஜாபிதாவில் இல்லாத தம் பெயரை வோட்டர்கள் கையால் எழுதிப் போடட்டும் என்று மறுபடி கிளம்பிப் பார்த்து, சில நாளில் அடங்கினார். மனிதர்கள் சட்டையில் எழுத்தே இல்லாத வெள்ளைப் பொத்தான்களைக் குத்திக்கொண்டு நடமாடினார்கள். ஒரு சொல் கிடையாது, ஒரு படம் கிடையாது, வெறும் வெள்ளை. இதைவிடச் சுருக்கமான தேர்தல் அறிக்கையை நான் கேள்விப்பட்டதில்லை.

குருத்தோலை ஞாயிறன்று வாஷிங்டன், முன்னாள் உப ஜனாதிபதி வால்டர் மாண்டேலுடன் நகரத்தின் வடமேற்கில் உள்ள செயிண்ட் பாஸ்கல் கோவிலுக்குப் பூசை காணப் போனார். வாசலில் கும்பல் கூடி வசைமாரி பொழிந்தது. கோவில் கதவில் பெயிண்டால் எழுதியிருந்தது இரண்டே சொற்கள். கறுப்பனைச் சாகச் சொல்லும் சொற்கள். கழுதை மேல் ஏறிவந்த ஒருவரை ஓலை பிடித்து வரவேற்றதைக் கொண்டாடும் நாள் அது. வரி பாக்கிக்காகவா கோவில் கதவில் அப்படி எழுதினார்கள்?

சரி, அந்த வரி விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். நான் அதை மூடி மறைக்கப் போவதில்லை. நான்கு வருஷ வருமான வரிக் கணக்கை வாஷிங்டன் தாக்கல் செய்யவில்லை. குற்றம் குற்றமே. 1972ல் சிறையில் சுமார் ஐந்து வாரம் இருந்தார். சர்க்காருக்குச் சேரவேண்டிய பாக்கி என்று சொல்லப்பட்டது ஐந்நூறு டாலரும் சில்லறையும். கட்சிக்காரர் வழக்கை எடுத்துக்கொண்டு முழுமையாகக் கவனிக்காத வகையில் அவருடைய வக்கீல் தொழில் உரிமையும் அதற்கு முன்பு சிறிது காலம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. காகித விஷயங்களில் அசட்டையான மனிதர். மேயருக்கு அது நல்ல குணமல்ல என்று ஒருவர் சொன்னால், அவரிடம் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை எங்கே என்றால், அந்தக் குற்றம் எப்போது கண்ணில் பட்டது என்பதில்தான். சிறையிலிருந்து வந்த மனிதரை ராஜ்ய சட்டசபைக்குத் திரும்பத் திரும்ப அனுப்பி வைத்தது இதே ஜனநாயகக் கட்சி. 1976ல் மேல் சபைக்குப் போனார். 1980ல் வாஷிங்டன் நகரத்துப் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஸ்பிரிங்ஃபீல்டு சட்டசபையில் உட்காரத் தகுந்த குற்றவாளி, நகரசபை மாடியில் உட்கார மட்டும் தகாதவராகிவிட்டாரா? சட்டசபையில் இருப்பவன் கை தூக்குவான். மேயர் நாற்காலியில் இருப்பவன் உத்தியோகம் கொடுப்பான். வித்தியாசம் அவ்வளவுதான்.

மேலும், சிகாகோவில் யோக்கியதையைப் பற்றிப் பேசுவதற்கே ஒரு தைரியம் வேண்டும். 1970க்குப் பிறகு அந்த நகரசபை அங்கத்தினர்களில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கோர்ட்டில் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். வாஷிங்டன் பதவிக்கு வந்ததும் அவரை எதிர்த்த கோஷ்டிக்குத் தளபதிகள் இருவர். ஒருவர் மேற்படி வர்டோலியாக். மற்றவர் எட்வர்ட் பர்க். வர்டோலியாக் 2008ல் ஒரு மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2019ல் மறுபடியும் ஒரு வழக்கில் ஒப்புக்கொண்டார். அது என்ன வழக்கு தெரியுமா? வரி ஏய்ப்பு! பர்க் 54 வருஷம் நகரசபையில் வீற்றிருந்துவிட்டு, 2023ல் லஞ்சம் முதலிய குற்றங்களுக்காக ஜூரிகளால் குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு இரண்டு வருஷச் சிறை. அவர்களுடைய வார்டுகளின் மக்கள் அவர்களை யோக்கியதைத் தராசில் ஒருநாளும் நிறுத்திப் பார்த்ததில்லை.

இனி இரண்டாவது வாதம். கறுப்பர்களில் நூற்றுக்கு 97 பேருக்குக் குறையாமல் வாஷிங்டனுக்குப் போட்டார்களே, அது மட்டும் நிறம் பார்த்ததில்லையா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயம்போல் தோன்றுகிறது. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் 1977ம் வருஷத்தை மறந்துவிடுகிறார்கள். டேலி இறந்த பிறகு நடந்த இடைத்தேர்தலில், கட்சியின் முதல் சுற்றில் இதே ஹரால்ட் வாஷிங்டன் நின்றார். அதே மனிதர், அதே நிறம். கிடைத்தது 11 சதவீதம்! கறுப்பர் வார்டுகளில் பெரும்பாலானவையும் யந்திரம் நிறுத்திய வெள்ளையருக்கே போட்டன. அதற்கு முன்பு டேலிக்கு, பிறகு பர்ன் அம்மையாருக்கு. எத்தனையோ தேர்தல்களில் வெள்ளையருக்கே வோட்டுப் போட்டுவந்த ஜனங்கள், முதல் தடவையாகத் தங்களில் ஒருவருக்குப் போட்டவுடன் 'இனவெறியர்' ஆகிவிட்டார்களாம்! எதிர்த் தரப்பினரோ தங்கள் வாழ்நாளில் ஒரு தடவையாவது மேயர் பதவிக்குக் கறுப்பு அபேட்சகருக்குப் போட்டிருக்கிறார்களா? நின்றுபோகாத ரயிலுக்காக ஸ்டேஷனில் காத்திருந்தவன் ஒரு நாள் தானே ரயிலை ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுவதும், 'அவன் ஓட்டினால் நான் ஏறமாட்டேன்' என்று பெட்டியில் இருந்தவன் இறங்குவதும் ஒன்றாகுமா?

எப்டனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாவல் எழுதுகிறவனுக்கு வாஷிங்டனைவிட இவர் அருமையான பாத்திரம். யூதர், நல்ல வக்கீல், குடியரசுக் கட்சியில் இருந்தாலும் தாராள மனப்பான்மைக்காரர் என்று சட்டசபையில் பெயர் எடுத்தவர். வெள்ளையரும் கறுப்பரும் கலந்து வாழும் ஹைடு பார்க் பகுதியில் வாழ்ந்தவர். வாஷிங்டனும் அதே பகுதிக்காரர்தான். நிற வெறி தமக்கு வேண்டாம் என்றே அவர் ஆரம்பத்தில் சொன்னார். பிறகு அவருடைய பிரசாரகர்கள் டெலிவிஷன் விளம்பரத்துக்கு ஒரு கோஷத்தைத் தயாரித்தார்கள்: "எப்டனுக்கே வோட்டு - காலம் கடந்துவிடுமுன்!"

எதற்குக் காலம் கடந்துவிடும்? அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அசிங்கமாகிவிடும். கேட்பவர்களே பூர்த்தி செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவர்களும் வெகு சுலபமாகப் பூர்த்தி செய்துகொண்டார்கள். வரிப் பிரச்னையையே தாம் குறிப்பிட்டதாக எப்டன் சாதித்தார். ஒருவேளை உண்மையாகவே அவர் அப்படி நம்பியிருக்கலாம். தம் பொதுக்கூட்டங்களில் கரகோஷம் செய்தவர்கள் யார், எதற்காகச் செய்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. வாழ்நாள் முழுவதும் துவேஷத்தை வெறுத்த ஒரு மனிதர், தமக்குச் சாதகமாக அது முதல் தடவை வீசியபோது ஜன்னலைச் சாத்தவில்லை. நான் அவரை வில்லன் என்று சொல்லமாட்டேன். வில்லன்களால் உலகத்துக்கு நேர்கிற தீமை, இத்தகைய நல்லவர்களால் நேர்கிற தீமையில் கால் பங்குகூட இராது. தோல்விக்குப் பிறகு நகரத்தாரைச் சமாதானப்படுத்த நடந்த ஒற்றுமை விருந்துக்கு அவர் வரவில்லை. மனம் கசந்து போயிருந்தார்.

ஆம், தோற்றார். சுமார் 13 லட்சம் பேர் வோட்டுப் போட்டார்கள். பதிவு செய்தவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல். வாஷிங்டனுக்கு 6,68,000 சொச்சம். எப்டனுக்கு 6,20,000க்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் 48,000. கறுப்பர் வோட்டு மட்டுமே போதாமல், லத்தீன் அமெரிக்க வம்சத்தவரும், ஏரிக்கரைப் பேட்டைகளில் வாழ்ந்த வெள்ளையரில் ஒரு பகுதியினரும் சேர்ந்து தூக்கிவிட்டதால்தான் கரை ஏறினார். அந்த ஏரிக்கரை வெள்ளையர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. சொந்த வீட்டார், அண்டை வீட்டார் அத்தனை பேரும் ஒரு பக்கம் ஓடும்போது, மறுபக்கம் நடந்து போய் வோட்டைக் குத்திவிட்டு வந்தார்களே, அவர்கள்தான் அந்தத் தேர்தலில் நிறம் பார்க்காதவர்கள். அவர்கள் அதைப் பறைசாற்றிக்கொண்டு திரியவில்லை.

காலம் கடந்தது. என்ன ஆயிற்று? ஏரி வற்றிவிடவில்லை. நகரசபையில் வர்டோலியாக் கோஷ்டி 29 பேர், மேயர் கோஷ்டி 21 பேர் என்று மூன்று வருஷம் ஒரு காரியமும் ஓடவிடாமல் மல்லுக்கு நின்றார்கள். மேயர் நியமனங்களைக் கிடப்பில் போட்டார்கள். கடைசியில் வார்டு எல்லைகளே கறுப்பர், லத்தீன் வோட்டுக்களைக் குறைக்கும்படி வரையப்பட்டவை என்று கோர்ட்டில் தீர்ப்பாகி, 1986ல் ஏழு வார்டுகளில் மறு தேர்தல் நடந்தது. பலம் 25க்கு 25 ஆயிற்று. சமமானால் மேயர் வோட்டு தீர்மானிக்கும். சர்க்கார் தஸ்தாவேஜுகளைப் பொதுஜனங்கள் பார்க்கலாம் என்று உத்தரவு போட்டார். கட்சி சிபாரிசின் பேரில் உத்தியோகம் கொடுப்பதையும், வாங்கியவர்களைத் தேர்தல் வேலை செய்யவில்லை என்று நீக்குவதையும் தடுக்கும் கோர்ட்டு ஏற்பாட்டை ஏற்றுக் கையெழுத்திட்டார். யந்திரத்தின் வயிற்றில் விழுந்த அடி அது. வெள்ளையர் வார்டுகளின் தெருக்களைப் பாழாக்குவார் என்று பயமுறுத்தினார்களே, 50 வார்டுகளிலும் தெருவும் நடைபாதையும் செப்பனிடக் கடன் பத்திரம் கொண்டுவந்தவர் அவர். தடுத்துப் பார்த்தவர்கள் அந்த 29 பேர்.

1987 ஏப்ரலில் மறுபடி ஜெயித்தார். அதே நவம்பர் 25ந் தேதி, நகர மண்டபத்தில் தம் மேஜை முன் உட்கார்ந்தபடியே மாரடைப்பால் சாய்ந்தார். வயது 65. மூன்று வாரத்துக்குள் எப்டனும் காலமானார்.

இவ்வளவுக்கும் பிறகு, 'நாங்கள் நிறம் பார்க்கவில்லை, யோக்கியதை பார்த்தோம், கட்சி பார்த்தோம்' என்று சொல்கிறவர்களுக்கு ஒரே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்கிறேன். சிகாகோ மேயர் தேர்தலில் குடியரசுக் கட்சி அபேட்சகர் வாங்கிய வோட்டு, 1979ல் 16 சதவீதம். 1983ல் 48 சதவீதம். 1989ல் மீண்டும் தேர்தல் வந்தது. ஜனநாயகக் கட்சியின் சார்பில் நின்றவர் டேலியின் மகன். குடியரசுக் கட்சியின் சார்பில் நின்றவர் யார்? இதற்குள் கட்சி மாறிவிட்ட சாட்சாத் வர்டோலியாக்கேதான்! அவருக்குக் கிடைத்தது 4 சதவீதம்கூட இல்லை. எப்டனுக்குப் பின்னால் திரண்டு நின்ற அத்தனை யோக்கியதாபிமானிகளும் அந்த ஆறு வருஷத்தில் எந்த ஊருக்குக் குடிபோனார்கள் என்று யாராவது எனக்கு எழுதினால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.